சின்னத் தொட்டி

எண்பதுகளில் ராஜபாளையத்திலிருந்து மலைத் தோட்டத்துக்கு அய்யூபின் கோவேறு கழுதைதான் சுமை கொண்டுபோகும். ஒருநாள் அதன் பின்புறம் கையை விட்டுச் சோதித்த மாட்டு டாக்டர் திகைத்தார்.

"பாய், எலுமிச்சங்காய் அளவு கரு இருக்கு. கோவேறு கழுதைக்குச் சினையே பிடிக்காதே!"

அய்யூப் சுமையைப் பாதியாக்கினார். குட்டி தண்ணீர் குடிக்கவென்று சின்னத் தொட்டி ஒன்று வாங்கினார். அடுத்த மாதம் டாக்டர், "கரைஞ்சு போச்சு" என்றார். தொட்டியை எடுக்க அய்யூபுக்கு மனம் வரவில்லை. தாயின் தொட்டியோடு அதையும் தினமும் நிரப்பிவைத்தார். காலையில் இரண்டும் காலியாக இருந்தன.

சில வருடங்களில் கோவேறு கழுதை இறந்தது. சின்னத் தொட்டி அதன் பிறகும் காலியானது.

ஒரு காலையில் அது தளும்பியபடியே கிடந்தது. அய்யூபுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னத்துக்குக் கலங்குறிய? வளந்த பிள்ளைக்கு இம்புட்டுத் தண்ணி பத்துமா?" என்றாள் மனைவி நூர்பானு.

தாயின் பெரிய தொட்டியைக் கழுவி, பிஸ்மி சொல்லி நிரப்பினார்கள். விடிந்தபோது அதில் தண்ணீர் இல்லை. விளிம்பு மட்டும் ஈரமாக இருந்தது.