பிரசென்ட் அட்ரஸ்

காலையில் இயந்திரம் வந்து ஆற்றோரத்து வீடுகளை இடித்துப் போட்டது. மதியம் ஓர் எழுத்தர் குடையும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக வந்தார். இடிபாடுகளுக்கு நடுவே சமதளமாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மாற்று வீடு வேண்டுமென்றால் அவரிடம் படிவம் தர வேண்டுமாம். வரிசையில் முதலாவதாக நின்ற தேசம்மாவின் படிவத்தை அவர் பேனாவால் தட்டினார்.

"பிரசென்ட் அட்ரஸ்னு கேட்டா பழைய அட்ரஸ எழுதியிருக்கியே. பிரசென்ட்னா இப்ப இருக்கறதும்மா. பதினேழாம் நம்பர் வீடு எங்க இருக்கு, காட்டு."

எட்டாவது வரை படித்த தேசம்மாவுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். முந்தானைக்குள்ளிருந்து நீலத் தகடு ஒன்றை எடுத்து நீட்டினாள். அதில் வெள்ளையில் பதினேழு என்று இருந்தது. கதவு விழுமுன் அவளே பிடுங்கி வைத்துக்கொண்டது.

"தகரத்துலயா குடியிருக்கே? வீடு இருந்தாத்தான் அட்ரஸ்."

"வூடு இல்லன்னுதான சார் வூடு கேக்கறோம்."

"அட்ரஸ் இல்லாதவங்களுக்கு வீடு தர ரூல்ஸ் இல்ல."

சாக்கடையில் மிதந்துபோகும் எதையோ பார்ப்பதுபோல் தேசம்மா அவரைப் பார்த்தாள். நாற்காலிக்குக் கீழே சிவப்புச் சிமெண்டுத் தரை தெரிந்தது. போன பொங்கலுக்கு அவள் கையால் பூசிய தரை. அதன்மேல் அவருடைய தோல் செருப்பின் சேறு அப்பியிருந்தது.

"அப்ப மொதல்ல செருப்பக் கழட்டு," என்றாள். "நீ குந்தினுகீறது என் அடுப்பாங்கர."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அவள் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். எல்லோரும் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள். வாசற்படி இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் அத்தனை பேர் செருப்பும் கழற்றிக் கிடந்தது.