ஹாலந்து மாப்பிள்ளை

“நாளைக்குப் போறேன் நான் கிள்ளானுக்கு. டச்சுக்காரன் இப்படித்தான் சொல்லுவான். வினைச்சொல்லுக்கு ரெண்டாவது இடம். மாத்தினா மார்க் போச்சு லா!”

பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியறையில் சிவேந்திரன் மேசையைத் தட்டினார். டச்சுத் தேர்வுக்கு அவரிடம் படித்த ஒருவர்கூட இதுவரை தோற்றதில்லை. அந்தப் பெருமை மனிதருக்குக் கொஞ்சம் அதிகம்தான். முதல் நாளே தமிழை டச்சு வரிசையில் பேசவைத்துச் சோதிப்பார். தேறுவார்கள் என்று தோன்றினால்தான் சேர்த்துக்கொள்வார்.

எதிரே ரவாங்கிலிருந்து வந்த புஷ்பவல்லியும் மகள் ஷாமினியும் உட்கார்ந்திருந்தார்கள். “எங்க வீட்ல கல்யாணம் சார். மாப்பிள்ளை ஹாலந்துல காத்திருக்காரு. பரீட்சை பாஸானாத்தான் விசா” என்று ஷாமினி போனிலேயே சொல்லியிருந்தாள்.

“இப்ப நீ சொல்லும்மா. நேத்து நான் பாசார்ல மீன் வாங்கினேன்.”

“சார், வந்து... நான்...”

“குறுக்க பேசாத. கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

ஷாமினி திருதிருவென்று விழித்தாள். “நேத்து... மீன்... நான்...”

“நேத்து வாங்கினேன் நான் பாசார்ல மீன்” என்றார் புஷ்பவல்லி, பட்டென்று.

“அம்மா, நீங்க சும்மா இருங்க” என்ற சிவேந்திரன் மகளிடம் திரும்பினார். “சரி, ‘ஏன்னா’ன்னு ஆரம்பிச்சா வினைச்சொல் எங்க போகும்?”

ஷாமினி அம்மாவைப் பார்த்தாள்.

“கடைசிக்குப் போயிடும் சார், நம்ம தமிழ் மாதிரியே. யூடியூப் பாத்துப் படிச்சேன்” என்றார் புஷ்பவல்லி.

“நீங்க படிச்சு என்ன பண்ண? பரீட்சை ரூம்ல பொண்ணு பக்கத்துல உக்காந்து சொல்லித் தருவீங்களா?”

“சார், ஒரு நிமிஷம்...” என்றாள் ஷாமினி.

சிவேந்திரன் கையைக் காட்டி நிறுத்தினார். ஆறு வாரத்தில் தேர்வு. இந்தப் பெண்ணைச் சேர்த்தால் இத்தனை வருஷப் பேரும் ஒரே நாளில் கப்பலேறிவிடும். அவர் புத்தகத்தை மூடினார்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க பொண்ணுக்கு இது ஒத்து வராது. மாப்பிள்ளையை வேற இடம் பாக்கச் சொல்லிடுங்க.”

புஷ்பவல்லி கொஞ்சமும் அசரவில்லை. கைப்பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“அவரு வேற இடம் பாக்க மாட்டாரு சார், கல்யாணப் பொண்ணு நான்தான். இவ அப்பா தவறிப் போய் பதினோரு வருஷம் ஆச்சு. இவதான் எனக்கு மாப்பிள்ளை பாத்தா.”