ஓரத்துச் சிப்பாய்

"ராஜாவைக் காப்பாத்தத் தெரியாதவன் கேட்டைக் காப்பாத்துவானா, மகளே?"

விண்ணப்பத்தை மேஜையில் தள்ளிவிட்டுச் சிரித்தார் சிசங்கா.

ஜாம்பியாவின் கிட்வே நகரில் சுரங்கத் தொழிலாளர்களின் செஸ் கிளப். சனிக்கிழமை மதியம். விண்ணப்பம் சுரங்கத்து வாட்ச்மேன் வேலைக்கு. அதைக் கொடுத்த கபாசோ ஜன்னலுக்கு வெளியே, மாமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கரி படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சுரங்கத்துக்கு ஆள் எடுப்பது சிசங்காவின் பொறுப்பு. கிளப் அணிக்கும் அவர்தான் கேப்டன்.

"காட்டுலருந்து கரி மூட்டையை ஏத்திக்கிட்டு நாப்பது கிலோமீட்டர் மிதிக்கிறார், கேப்டன்" என்றாள் கிளப் செயலாளர் பூப்பே. "நெஞ்சுல இருமல் வேற. உக்காந்து பாக்கிற வேலை கிடைச்சா இன்னும் கொஞ்ச நாள் இருப்பார்."

"இன்னொருத்தரும் கேட்டிருக்கார்."

"சரி, முடிவு சொல்றதுக்கு முன்னாடி இன்னைக்குப் புதிரை விடுவிச்சிருங்களேன்." சுவரில் தொங்கிய பெரிய செஸ் பலகையைக் காட்டினாள். அதன் மேல் சாக்பீஸில் எழுதியிருந்தது: 'வெள்ளை ஆட வேண்டும். மூன்றே நகர்த்தலில் மேட்.'

"முதல்ல வேலை. அப்புறம் விளையாட்டு."

"அவர் மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமா? இரக்கம்! பதினெட்டு வருஷம் முன்னாடி, இதே ஹால், ஃபைனல். ஜெயிக்கிறவனுக்குச் சுரங்கத்துல வேலை, அணியில இடம். என் மக லோம்பே பிறந்து அப்போ மூணு மாசம். வீட்டுல மாவுப் பானை காலி. என் பொண்டாட்டி குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு முதல் வரிசையில உக்காந்திருக்கா. இந்த ஆளு பலகையைப் பாக்காம குழந்தையவே பாத்துக்கிட்டிருக்கான்! அப்புறம் என்ன? குருடன் மாதிரி ஒரு நகர்த்தல். அவன் குதிரையை வெட்டினேன், கதை முடிஞ்சுது. கர்த்தர் என் பக்கம் நின்னார். வருஷா வருஷம் சபையில சாட்சி சொல்றேனே, நீ கேட்டதில்லையா?"

"கேட்டிருக்கேன்" என்றாள் பூப்பே. "கேப்டன், தயவுசெஞ்சு முதல்ல அந்தப் புதிரை..."

சிசங்கா அதற்குள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "கேட் வேலைக்கு அந்த இன்னொருத்தரையே போட்டுரு. ஆமா, இப்பவே கையில கடிதத்தைக் கொடுத்துரு."

பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "கபாசோ! இடம் நிரம்பிடுச்சுப்பா."

கபாசோ தொப்பியைக் கழற்றினார். "பரவாயில்ல, லோம்பே அப்பா. லோம்பே நல்லா இருக்காளா?"

"நர்ஸ் படிப்புல சேர்ந்திருக்கா."

"நர்ஸா! நல்லது. ரொம்ப நல்லது." கரி படிந்த அந்த முகம் முழுக்கச் சிரிப்பு. இருமிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். இருமல் சத்தம் சாலைத் திருப்பம் வரை கேட்டது.

பூப்பே ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"இப்போ வரட்டும் உன் புதிர்" என்று சிசங்கா பலகை முன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மூன்று வருடம் முன்பு வரை, எதிரில் எந்தக் காய் கிடைத்தாலும் வெட்டுகிற ஆட்டம்தான் அவருடையது. பூப்பே செயலாளராக வந்து தினம் ஒரு புதிரை விடுவிக்க வைத்தாள். தோற்ற ஆட்டங்களைத் திரும்ப ஆடிப் பார்க்க வைத்தாள். ஜெயித்த ஆட்டங்களையும் பார்க்கச் சொன்னாள். அதற்கு மட்டும் அவர் மசியவில்லை. இன்று அந்த வட்டாரத்தில் அவரை மடக்க ஆள் குறைவு.

சிசங்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினார். காயைத் தொடுமுன் நகர்த்தலை எழுதிக்கொள்வது அந்தக் கிளப்பின் பழைய வழக்கம். விதி மாறிய பிறகும் பழையவர்கள் அதை விடவில்லை.

"பாரு, மகளே! குதிரை இங்க. ராணியும் செக், குதிரையும் செக். ராஜா மூலைக்கு ஓடுறான். அடுத்து ராணியைக் கொண்டுபோய் அவன் மடியிலயே உக்கார வைக்கிறேன். யானை வெட்டித்தான் ஆகணும். இப்போ குதிரை திரும்பி வருது... மேட்! சொந்த ஆளுங்களே சுத்தி நின்னு ராஜாவுக்கு மூச்சு முட்ட வச்சிட்டாங்க." அவரே கைதட்டிக்கொண்டார். "நாலு நிமிஷம்! முன்னாடியெல்லாம் நாலு நாள் உக்காந்தாலும் இது என் கண்ணுல பட்டிருக்காது."

"பட்டிருக்காது" என்றாள் பூப்பே.

"நிஜமா யாரோ ஆடின ஆட்டமா இது?"

"ஆமா. பழைய பீரோவைச் சுத்தம் பண்ணும்போது கிடைச்சுது."

"வெள்ளை என்ன பண்ணினான்? இதை ஆடினானா?"

"இல்ல. தோத்துட்டார்."

"கைக்கு வந்த மேட்டை விட்டுட்டானா?" சிசங்கா விழுந்து விழுந்து சிரித்தார். "இதைக்கூடப் பாக்காம விட்ட கழுதை யாரு?"

"பாக்காம விடல, கேப்டன்."

பழுப்பேறிய ஒரு தாளை பூப்பே அவர் முன் வைத்தாள். மேலே, 'ஃபைனல். வெள்ளை: கபாசோ. கறுப்பு: சிசங்கா.' இருபத்தோராவது வரியில், குதிரை தாவ வேண்டிய அதே கட்டம் கபாசோவின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. அதன் மேல் அடித்த ஒரே ஒரு கோடு. பக்கத்தில், எதற்கும் உதவாத ஓரத்துச் சிப்பாயின் ஒரு நகர்த்தல்.