துரை வைத்த கையெழுத்து

"சீ! மனிசர் இருக்கிற இடமே இது?"

தொழில் அதிகாரி குலசிங்கம் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பத்தடி அறை. ஒரு யன்னல்கூட இல்லை. சுவரோரம் எட்டுப் பாய்கள் சுருட்டிக் கிடந்தன. கூரைத் தகரத்தின் ஓட்டைகளால் வெயில் விழுந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் கரி சுமந்த கூலிகளுக்காக வரிசையாக அறைகள் கட்டிய லயன் அது. இப்போது பக்கத்து மீன் தொழிற்சாலைக்குச் சொந்தம். 'அன்றைய கூலிகளின் வாழ்க்கை' என்று லயனில் ஒரு கண்காட்சி வைத்து, அதைத் திறக்க அவரை அழைத்திருந்தார்கள். மனேஜர் போனில் கதைத்தபடி பின்தங்கிவிட, ஐயா பொறுக்காமல் திறந்திருந்த கதவுக்குள் நுழைந்துவிட்டார்.

"ரிபனைக்கூட இன்னும் கட்டேல்லை" என்று முணுமுணுத்தார்.

தும்புத்தடியோடு வாசலில் நின்ற பெண், "ஐயா, ஒரு விசயம்..." என்றாள்.

"பொறு பிள்ளை, பிறகு கூட்டலாம். றுவைஸ், அந்த வெள்ளைக்காரன் எழுதினதை வாசியும்."

கிளார்க் றுவைஸின் கக்கத்தில் இரண்டு கோப்புகள் இருந்தன. பழைய அறிக்கையின் பிரதியை எடுத்தான். "ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொன்பது. கூலிகளின் தங்குமிடம் திருப்திகரம். முறைப்பாடுகளில் உண்மை இல்லை. கீழே தொழில் பரிசோதகர் துரையின்ர கையெழுத்து, சேர்."

"திருப்திகரமாம்! படுபாவி இந்தப் பக்கம் தலைவச்சும் படுத்திருக்கமாட்டான். முதலாளியின்ர பங்களாவில ஏறியிருந்து, விஸ்கியைக் குடிச்சுப்போட்டு எழுதியிருப்பான். இவங்களை நம்பித்தானே அரசாங்கம் அனுப்பினது!"

நிசமாகவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. கூடவே ஓர் ஏப்பமும் வந்தது. காலையில் மனேஜரின் ஏசி அறையில் சாப்பிட்ட பற்றிஸ்.

அந்த அறையில் வைத்துத்தான் றுவைஸிடம் இருந்த மற்றக் கோப்பின் வேலையையும் முடித்திருந்தார். விடுதியில் இருக்க ஏலாது, மாரிக்கு முன் திருத்தித் தாருங்கள் என்று தொழிற்சாலைப் பெண்கள் மூன்றாம் முறையாகப் போட்ட மனு. இதுவும் தள்ளுபடியானால் இன்னொரு மாரியையும் அதற்குள்ளேயே கழிக்கவேண்டியதுதான். "பெட்டையளுக்கு மாளிகை வேணுமாம்" என்று மனேஜரோடு சேர்ந்து சிரித்துவிட்டு, 'விடுதி போதுமானது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். விடுதி எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை.

கொடியில் ஒரு துவாய் சொட்டிக்கொண்டிருந்தது. குலசிங்கம் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பாரும், துவாயைக்கூட நனைச்சுத் தொங்கவிட்டிருக்கிறாங்கள். மணமும் அப்பிடியே!"

"கரி சுமந்த ஆக்களின்ர அறையில மீன் வெடுக்கு ஏன், சேர்?"

"உமக்கென்ன தெரியும்? எல்லாம் கண்காட்சி வச்சவன்ர கைவேலை."

"ஐயா..." என்றாள் அந்தப் பெண் மறுபடியும். நித்திரை இல்லாமல் கண்கள் சிவந்திருந்தன.

குலசிங்கத்துக்கு இப்போது மேடை ஏறியது போல இருந்தது. குரலை உயர்த்தினார். "எட்டுச் சீவன் இந்தப் பொந்துக்குள்ள! இதைக் கண்ணால பாராமல் கையெழுத்து வச்சவனைச் செருப்பால அடிக்கவேணும். என்ன பிள்ளை, நான் சொல்றது சரியே?"

"ஓம் ஐயா" என்றாள் அவள். "கண்காட்சி அடுத்த அறையில. நாங்கள் மனுவில எழுதினது இந்த அறையை."