மூடிய கதவுக்குப் பின்னால்

பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி கொள்ளைக்காரர்களைப் பிடிக்கும் நாவல். சுந்தரிக்குப் பொங்கல் பரிசாக மாமா வாங்கித் தந்தது. பாதி படித்து வைத்திருந்ததைக் காணாமல், காலையிலிருந்து வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊரே கொதிச்சுக் கிடக்குது, உனக்குக் கதைப் புத்தகம் கேக்குதா?" என்று அம்மா எரிந்து விழுந்தாள்.

அறுவடைக் கூலி பேச வந்த விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் வைரக்கண்ணு, மிராசுதாரான சுந்தரியின் அப்பாவோடு அறைக்குள் போய் வெகு நேரமாகிவிட்டது. வயலில் சிவப்புக் கொடி. வாசலில் அரிவாளோடு ஆட்கள்.

"எப்பவும் கத்திக்குவாங்க. இன்னிக்குச் சத்தமே இல்லையேடி! காபி குடுக்கிற சாக்குல பாத்துட்டு வா," என்றாள் அம்மா.

காபியோடு போய் சுந்தரி கதவைத் தள்ளினாள்.

ஒரே பெஞ்சில் இருவரும் தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். வைரக்கண்ணு கையில் அவளுடைய நாவல்!

"அப்பா, கூலி?"

"அவரு கேட்டதைக் குடுக்கிறதா அப்பவே முடிஞ்சிபோச்சு. பாதி படிக்கிறப்ப என் கண்ணாடி உடைஞ்சு தொலைச்சுது. மிச்சத்தைப் படிச்சுக் காட்டினாத்தான் கையெழுத்துன்னுட்டேன்."

"குறுக்க பேசாதீங்க பாப்பா," என்றார் வைரக்கண்ணு. "அந்தப் பொண்ணு கெணத்துல தொங்குறா."

சுந்தரி காபியை வைத்துவிட்டு அங்கேயே தரையில் சம்மணம் போட்டாள்.

வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள்: "என்னங்க, இன்னும் முடியலையா?"

"ரெண்டே அத்தியாயம்!" என்று மூன்று குரல்களும் ஒன்றாக எழுந்தன.