கறுப்புத் திரையில் மூன்று

"இன்னிக்கு எத்தனை காட்டுது?"

வெள்ளிக்கிழமை. ஃபஜர் தொழுகை முடித்த கையோடு முனவ்வர் பேகம் மகளின் லேப்டாப் முன்னால் வந்து நின்றாள். உமைமா கொட்டாவி விட்டபடி ஒரு சொல்லைத் தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒற்றை எண் வந்தது.

"மூணு, அம்மி."

"மூணா?"

"ஆமா. மூணு நாள் போனா சைபர். உங்க இத்தா முடிஞ்சுது. மொத வேலையா வாலாஜா போய் ஹலீமா காலாவைப் பாத்துட்டு வந்துடலாம். எங்க மேனேஜர்கூட ஷிப்மென்ட்டுக்கு இப்படி காலங்காத்தால வந்து நிக்கமாட்டார். உங்க பேஜார்தான் ஜாஸ்தி."

கணவர் இறந்தால் மனைவி வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள்தான் இத்தா. ரம்ஜான் வந்தது, பெருநாள் வந்தது, மேல்விஷாரத்து வீட்டு வாசற்படியை முனவ்வர் பேகம் தாண்டவில்லை. லேப்டாப்பில் அந்த எண்ணைக் காட்டுவது, நாள் கணக்குச் சொல்ல உமைமா எழுதி வைத்த ஸ்கிரிப்ட். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் சரக்கு கப்பலேற எத்தனை நாள் பாக்கி என்று காட்டுவதற்காக எழுதிய ஏழெட்டு வரிகள். அதையே வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு, தேதியை மட்டும் மாற்றியிருந்தாள்.

போன் அடித்தது. வாலாஜாவிலிருந்து முனவ்வர் பேகத்தின் உடன்பிறந்தவளான ஹலீமா காலாவின் கணவர் அப்துல் ஹமீத். உமைமா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆஸ்பத்திரில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்கம்மா. தண்ணிகூட எறங்கல. கண்ணைத் தொறந்தா, முனவ்வர் வந்துட்டாளான்னுதான் கேக்கறா."

"இன்னும் மூணு நாள் இருக்கு, பாய்" என்றாள் முனவ்வர் பேகம்.

போனை வைத்ததும் உமைமா எழுந்துவிட்டாள். "அம்மி, ஆட்டோல அரை மணி நேரம். இந்த மாதிரி அவசரத்துக்குப் போலாம்னு சொல்றாங்க. பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேக்கட்டுமா?"

"யாரையும் கேக்காதே. இத்தனை மாசம் இருந்துட்டு, உங்கப்பாவுக்குச் செய்யற கடைசிக் கடமையை மூணு நாள்ல கெடுத்துக்கச் சொல்றியா?"

"காலா அதுவரைக்கும் தாங்கணுமே."

"தாங்குவா. மெஷின் மூணுன்னா மூணுதான். அது பொய் சொல்லாதுன்னு நீதானே சொன்னே."

சனிக்கிழமை எண் இரண்டுக்கு இறங்கியது. டீ கொண்டுவந்த உமைமா கேட்டே விட்டாள்.

"பதினோரு வருஷமா பேசாதவங்க இப்ப கூப்பிடறாங்க. அக்கா கல்யாணத்துல சாப்பிடாமகூட எறங்கிப் போனாங்களே, அந்தக் கோவமா உங்களுக்கு?"

"அவ சும்மா போகலடி."

"பின்ன?"

"உங்கக்காவுக்கு மொத மாலை போடணும்னு ஆசையா மேடை ஏறி வந்தா. புள்ள பெறாதவ நீ, கடைசியா போடுன்னேன். அத்தனை பேர் எதிர்ல. மாலையை என் கையில குடுத்துட்டு எறங்கிட்டா."

உமைமா டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்களா அம்மி?"

"நானேதான்."

"அப்ப மாஃப் கேக்க வேண்டியது நீங்கதானே?"

"நான்தான். என்ன சொல்லணும், எப்படி ஆரம்பிக்கணும், எல்லாம் மனசுல வெச்சிருக்கேன். திங்கக்கெழம மொத ஆட்டோ பிடி."

ஞாயிற்றுக்கிழமை எண் ஒன்று.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் மறுபடி போன். அப்துல் ஹமீத் பேசி முடிப்பதற்குள் உமைமாவுக்குப் புரிந்துவிட்டது. சேதி கேட்ட முனவ்வர் பேகம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவள் எழவில்லை.

"கடைசியா முகமாவது பாக்கணும் அம்மி. ஒரு நாள்தானே பாக்கி. போலாமான்னு மதரஸா ஆலிமாவைக் கேக்கறேன்" என்று உமைமா போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

ஐந்து நிமிடம் கழித்து வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மி, அப்பா மௌத்தான அன்னிக்கு எத்தனாவது பிறைன்னு கேட்டாங்க. ரஜப் மாசம் மொத பிறைன்னு சொன்னேன். அப்ப நாலு மாசத்தையும் பிறை பாத்துத்தானே எண்ணணும், நீ ஏம்மா இங்கிலீஷ் மாசத்தை எண்ணினேன்னு கேக்கறாங்க."

முனவ்வர் பேகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கம்பெனிக்குப் போட்ட அதே கணக்கைப் போட்டுட்டேன், அம்மி. பிறை மாசத்துல நாள் கம்மி, அது எனக்குத் தோணவே இல்ல. உங்க இத்தா வெள்ளிக்கெழமையே முடிஞ்சுபோச்சு. காலா கண்ணைத் தொறந்து கேட்டுட்டு இருந்தப்பவே நீங்க போயிருக்கலாம். நான்தான் உங்களை இங்கியே கட்டிப் போட்டுட்டேன்."

அப்படியே வந்து தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். முனவ்வர் பேகம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அழாதே. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள் பிறகு. "ரஜப்லேர்ந்து ஒவ்வொரு பிறையையும் இந்த ஜன்னல்ல நின்னு நானும்தான் எண்ணிட்டு வந்தேன். வெள்ளிக்கெழமையோட முடியுதுன்னு எனக்குத் தெரியும். அவ முன்னால போய் நிக்க பயந்துட்டு இருந்தப்போ நீ மூணுன்னு சொன்னே, அந்த மூணு நாளை நான்தான் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன்."