மாமியார் கொடுத்த பேட்டி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தமாகச் சொல்கிற கதை இல்லை.

வீடுகளில் பெண்கள் படுகிற பாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்ய, வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பேச்சை மாற்றிச் சொல்லக் கூடவே ஒரு பெண். இந்தக் காதில் வாங்கி வாய்வழியாக விடுகிற வேலை என்பதால், ஆபீசில் அவளுக்கு ரேடியோ என்று பேர்.

அன்றைக்குப் போன வீட்டில் ஒரு மருமகள். முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஒட்டிப் பிறந்தவள் மாதிரி பக்கத்திலேயே மாமியார்.

"அவங்க தனியா பேசணும் பெரியம்மா. கதவையும் சாத்தணும். இவங்க ஊர் ஆராய்ச்சியில அதுதான் விதி" என்றாள் ரேடியோ.

மாமியார் அசையவில்லை.

"வெளியாள் வந்திருக்கிறப்போ யார் வீட்லம்மா கதவைச் சாத்துவாங்க? நாலு பேர் என்ன பேசுவாங்க? அவங்க ஊர் விதி அவங்க ஊர்லயே இருக்கட்டும்."

முன்னறையில் மகன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா இருக்கட்டும். பெரியவங்க இல்லாம என்ன பேச்சு?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

ஆராய்ச்சிக்கார அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். ரேடியோ குரலைத் தணித்து மாற்றிச் சொன்னாள். "உயிருக்குப் பயந்து இருக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பத்திரமா வச்சுக்க எங்ககிட்ட ஒரு இடம் இருக்கு. ஆனா யாருக்குக் கஷ்டமோ அவங்களே சம்மதிக்கணும். வேற யார் சொன்னாலும் செல்லாது."

"என்னது? இன்னொரு தடவை சொல்லு" என்றாள் மாமியார்.

துருவித் துருவிக் கேட்கிறாளே என்று எரிச்சலோடு ரேடியோ மறுபடியும் சொன்னாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"வீட்ல எப்படிம்மா இருக்கீங்க?"

மருமகள் முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "நல்லா இருக்கேன்."

"உடம்பு?"

"நல்லா இருக்கேன்."

"தூக்கம் வருதா?"

"நல்லா இருக்கேன்."

"அவளைப் போய் என்னத்தைக் கேக்குறது" என்று இடையில் புகுந்தாள் மாமியார். "நேத்து வந்தவ. என்னைக் கேளு. நான் படாத பாடா?"

கேட்காமலேயே ஆரம்பித்தும் விட்டாள். தெருவுக்கே கேட்கிற குரல்.

"அந்த மனுஷன் இருக்காரே, உப்பு ஒரு கல்லு தூக்கலா இருந்தாப் போதும், தட்டு பறக்கும். தட்டுக்குப் பின்னாடியே கை வரும்."

முன்னறையில் மகன் சிரித்தான். "ஆரம்பிச்சுட்டியா? அப்பா போய் இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் அந்த ஆளை விடமாட்டியா நீ?"

"உயிரோட இருந்தப்போ வாயைத் திறக்க விட்டாரா? இப்பத்தானடா பேச முடியுது."

"பேசு பேசு. பாவம், எழுதிக்கிறவங்க கைதான் வலிக்கப்போகுது."

டிவி சத்தம் ஏறியது. ஏதோ மேட்ச்.

"பழைய கதை" என்று ஆராய்ச்சிக்கார அம்மாவுக்கு மாற்றிச் சொன்னாள் ரேடியோ. அவர் பேனாவை மூடிவிட்டார்.

"பெரியம்மா, இப்ப நடக்கிறதைத்தான் எழுதுவாங்க. நீங்க கொஞ்சம் சும்மா இருந்தா இவங்க பேசுவாங்க."

"மாடிப்படியில பிடிச்சுத் தள்ளினாரு" என்றாள் மாமியார், காதில் விழாதவள் போல. "வயித்துல நாலு மாசம். அத்தோட போச்சு. வழுக்கி விழுந்தேன்னு ஆஸ்பத்திரியில சொல்லச் சொன்னாரு. அப்படியே சொன்னேன். வேற என்ன செய்ய?"

மருமகளின் தலை முழங்காலுக்குள் போய்விட்டது.

தினம் தினம் இந்தப் புராணத்தைக் கேட்டுக் கேட்டே இந்தப் பெண்ணுக்கு வாய் அடைத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் ரேடியோ. தன் ஒப்பாரியைப் பாட இந்தக் கிழவிக்கு இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது? போதாததற்கு ஆராய்ச்சிக்கார அம்மா கைக்கடிகாரத்தை வேறு பார்த்தார்.

"கையால அடிச்சா வீங்கிடுதுன்னு பிறகு ஒயரை எடுத்தாரு. முதுகுல மட்டும். வெளிய தெரியாதில்ல?"

"என்ன ஒயர்?" என்று கடமைக்குக் கேட்டாள் ரேடியோ.

அவ்வளவு நேரம் ஓயாத மாமியாரின் வாய் சட்டென்று நின்றது. கண் மட்டும் சுவருக்குப் போய்த் திரும்பியது.

அங்கே பிளக்கிலிருந்து செல்போன் சார்ஜர் தொங்கிக்கொண்டிருந்தது.

மாற்றிச் சொல்ல வாயெடுத்த ரேடியோ பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்டே?" என்று தன் மொழியில் கேட்டார் ஆராய்ச்சிக்கார அம்மா.

ரேடியோ சொன்னாள். படியிலிருந்து ஒயர் வரைக்கும், ஒன்று விடாமல். அவர் மூடிய பேனாவை மெதுவாகத் திறந்து, ஒரு தாளோடு சேர்த்து நீட்டினார்.

"இது யாருக்கு நடந்ததோ, அவங்க இதுல கையெழுத்துப் போடணும் பெரியம்மா." ரேடியோவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"போட்டா?"

"நாளைக்கு வண்டி வரும்."

"எத்தனை பேருக்கு?"

"கையெழுத்துப் போட்டவங்களுக்கு மட்டும்தான்."

மாமியார் முன்னறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு பழையபடி குரலை உயர்த்தினாள்.

"அந்தக் காலத்துல எனக்குப் போக்கிடம்னு ஒண்ணு இருந்திருந்தா, இந்த வீட்ல ஒரு பொழுது தங்கியிருப்பேனா?"

"அத்தை..." என்றாள் மருமகள். அன்றைக்கு அவள் பேசிய வேறு வார்த்தை அது ஒன்றுதான்.

"உஸ்."

முன்னறைக்கு முதுகைக் காட்டி வாசலை மறைத்தாற்போல் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, மாமியார் அந்தப் பேனாவை வாங்கி, மருமகளின் விரல்களுக்குள் வைத்து அழுத்தினாள்.